முந்திரிக்காரர் எந்தச் சொல்லைத் தட்டச்சு செய்கிறார்?

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து எழுதும் நண்பர் ஒருவர், இரண்டு ஆண்டுகளாக முந்திரி, பலா சாகுபடி பற்றித் தமிழில் கட்டுரைகள் எழுதி வருவதாகவும், நாற்பதுக்கு மேல் எழுதியும் கூகுள் வழியாக வருகிறவர்கள் மிகக் குறைவு என்றும் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு கட்டுரையும் இரண்டாயிரம் சொல்லுக்குக் குறையக்கூடாது, 'முந்திரி சாகுபடி' என்ற தொடர் பத்திக்கு ஒரு முறையாவது வரவேண்டும், மாதம் முப்பது கட்டுரை ஏற்றவேண்டும் என்று யாரோ அவருக்கு ஆலோசனை தந்திருக்கிறார்கள். "அப்படி எழுதினால் என் ஊர் விவசாயி பாதியில் மூடிவிடுவார், எழுதாவிட்டால் அவர் கண்ணிலேயே படாது. யாருக்காக எழுதுவது?" என்று கேட்கிறார். கேள்வி இப்படி அமைந்திருந்தாலும், தேடுபொறிக்கென்று தனியாகச் செய்யவேண்டிய வேலை எவ்வளவு, அதில் எவ்வளவை வாசகருக்குக் கெடுதல் இல்லாமல் செய்யலாம் என்பதைத்தான் அவர் உண்மையில் அறிய விரும்புகிறார் என்று நினைக்கிறேன். அதற்கே விடை சொல்கிறேன்.

புதுச்சேரியில் பதினாறு ஆண்டுகளாக இணையதளங்களுக்கு எழுதுவதும், எழுதியவற்றைத் திருத்துவதும், அவை தேடலில் எப்படித் தெரிகின்றன என்று பார்ப்பதும் என் தொழில். கூகுள் தானே எழுத்தில் வெளியிட்டிருப்பவை, நான் கவனித்துக்கொள்ளும் தளங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தவை, இத்தொழிலில் உள்ளவர்கள் ஊகமாகப் பேசிக்கொள்பவை ஆகிய மூன்றும் வேறு வேறு. எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன். கட்டுரையை முதலிடத்துக்குக் கொண்டுவருவதாக எவர் உறுதி சொன்னாலும் நம்பவேண்டாம்; அந்த உறுதியை என்னாலும் தர இயலாது.

முதலில் உறுதியானவை. கூகுள் ஒரு பக்கத்தை மூன்று படிகளில் கையாள்கிறது: பக்கத்தைக் கண்டுபிடித்துப் படிக்கிறது, தன் அட்டவணையில் சேர்க்கிறது, யாராவது தேடும்போது அட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துகிறது. எல்லோரும் மூன்றாவது படியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் பார்த்த தமிழ்த் தளங்களில் பல, முதல் இரண்டு படிகளிலேயே இடறி நிற்கின்றன. ஆகவே எதையும் திருத்துவதற்கு முன்பு, தளத்தின் நிலையைப் பார்க்கக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தங்கள் தளத்தைப் பதிவு செய்து, நாற்பது கட்டுரைகளில் எத்தனை அட்டவணையில் ஏறியிருக்கின்றன என்று பாருங்கள். பத்துதான் ஏறியிருக்கிறது என்றால், மற்ற முப்பதையும் எவ்வளவு செம்மை செய்தாலும் தேடுகிறவருக்கு அவை இல்லாதவையே.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. நம் பக்கத்து அச்சகங்களில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் அது தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். துண்டறிக்கைக்காக அடித்த செய்தியை அப்படியே ஒட்டியிருந்தால், எல்லாக் கணினியிலும் தமிழாகவே படிக்கப்படும் யூனிகோடு முறைக்கு மாற்றியே ஆகவேண்டும். யூனிகோடிலும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் உண்டு. 'ஔ' என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடிப்பது, 'கௌ' என்பதை 'கெ', 'ள' என்று இரண்டாக அடிப்பது, துணைக்காலுக்குப் பதில் 'ர' அடிப்பது ஆகியவை திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிந்தாலும் இயந்திரத்துக்கு வேறு வேறு சொற்கள். கட்டுரையின் சாரத்தை அழகான படமாகச் செய்து, எழுத்தெல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும்படி ஏற்றுவதும் இதே வகையான இழப்புதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தை இயந்திரம் படித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்கவேண்டாம். அதே செய்தியைக் கீழே எழுத்தாகவும் எழுதிவிடுங்கள்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். தேடுகிறவர் என்ன சொல்லோடு வருகிறார் என்பதை நாம் பெரும்பாலும் அறியாமலே எழுதுகிறோம். என் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006 அக்டோபர் 1 முதல் இதன் அதிகாரப்பூர்வப் பெயர் புதுச்சேரி. ஆனால் சென்னையிலிருந்து வருகிறவர் 'பாண்டிச்சேரி' என்றும், கடலூரிலிருந்து வருகிறவர் 'பாண்டி' என்றும் தேடுகிறார்; இலக்கியக் கூட்ட அழைப்பிதழ்களில் 'புதுவை' என்று இருக்கும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் என்பது பெயர்ப்பலகையில் உள்ள பெயர். பேச்சில் அது திருப்பாப்புலியூர். சில ஆண்டுகளுக்கு முன் கடலூர் சாலையில் உள்ள சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 'படகுக் குழாம்' என்ற நல்ல தமிழ்ச் சொல்லையே முழுவதும் பயன்படுத்தியிருந்தேன். நான்கு மாதம் கழித்து சர்ச் கன்சோலைப் பார்த்தபோது, அந்தப் பக்கம் காட்டப்பட்ட தேடல்களில் பெரும்பாலானவை 'நோணாங்குப்பம் போட் ஹவுஸ்' என்று இருந்தன. நோணாங்குப்பம் என்ற ஊர்ப்பெயர் என் கட்டுரையில் ஒரே ஒரு முறை, கடைசிப் பத்தியில் வந்திருந்தது. 'போட் ஹவுஸ்' வரவே இல்லை. முதல் பத்தியில், "நோணாங்குப்பத்தில் போட் ஹவுஸ் என்று எல்லோரும் சொல்லும் சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாம்" என்று ஒரு வாக்கியத்தை மாற்றினேன். படிப்பவருக்கு அது இடைஞ்சலாக இல்லை. சொல்லப்போனால் வழி கேட்டு வருகிறவருக்கு அதுதான் தெளிவு. அதன்பின் அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் கூடினார்கள். அந்த ஒரு மாற்றம்தான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. வேறு எதையும் அந்தப் பக்கத்தில் நான் தொடவில்லை என்பதை மட்டும் சொல்லமுடியும்.

சொற்களில் இன்னொரு நுட்பம் உண்டு. தமிழில் ஒரே பெயர் 'கடலூரில்', 'கடலூருக்கு', 'கடலூரிலிருந்து' என்று உருமாறிக்கொண்டே இருக்கும். இவை எல்லாம் ஒன்றையே குறிக்கின்றன என்பதைத் தேடுபொறிகள் இன்று பெரிதும் புரிந்துகொள்கின்றன. 2019-இல் ஆங்கிலத்தில் தொடங்கி, அதே ஆண்டின் இறுதியில் எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்த, கூகுளின் பெர்ட் என்னும் மொழிநுட்பத்தின் நோக்கமே சொற்களை அவை வரும் சூழலோடு புரிந்துகொள்வதுதான். ஆகவே வேற்றுமை உருபைக் கழற்றிவிட்டு 'முந்திரி சாகுபடி கடலூர்' என்று வாக்கியத்துக்குள் செருகுகிறார்களே, அது தேவையற்றது. அப்படி எழுதிய தமிழைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. இயல்பான வாக்கியமாக எழுதுங்கள். தலைப்பிலும் முதல் பத்தியிலும் மட்டும் முக்கியமான சொல் அதன் முழு உருவில் ஒரு முறை வந்தால் போதும்.

தங்கள் பயிருக்கு வருவோம். 'முந்திரியில் தண்டு மற்றும் வேர் துளைப்பான் மேலாண்மை' என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேளாண் அலுவலருக்கு அது சரியான தலைப்பு. ஆனால் தோப்பில் நிற்கிறவருக்குப் பூச்சியின் பெயர் தெரியாது. தெரிந்தால் அவர் பாதிக் கேள்விக்கு விடை கண்டவர். அவர் காண்பது, இலை மஞ்சளாகி உதிர்வதையும், அடிமரத்தில் துளையிலிருந்து பிசின் வடிவதையும், தூரில் மரத்தூள் போலக் கழிவு கொட்டிக் கிடப்பதையும்தான். 'முந்திரி மரம் பட்டுப்போகுது' என்றோ 'முந்திரி மரத்துல பிசின் வடியுது' என்றோ அவர் தேடுவார். கைப்பேசியில் பேசியே தேடுகிறவர்கள் பெருகிவிட்டதால் பேச்சு வழக்கிலேயே தேடுவார். தேயிலைக் கொசுவும் அப்படியே. அவர் கண்ணுக்குத் தெரிவது பூங்கொத்து கருகுவதும் இளந்தளிர் காய்வதும். ஆகவே கட்டுரை அறிகுறியில் தொடங்கவேண்டும், அறிகுறியிலிருந்து பூச்சியின் பெயருக்குப் போகவேண்டும், பெயரிலிருந்து செய்யவேண்டியதற்கு வரவேண்டும். தோட்டத்தில் நிற்கும் மனிதரின் மனம் செல்லும் வரிசை அதுதான். தேடுபொறிக்கும் அதுவே தோதானது. தேடலில் உள்ள சொற்கள் தலைப்பிலும் தொடக்கத்திலும் தாமாகவே வந்துவிடுகின்றன. இந்தச் சொற்களை எங்கே பிடிப்பது என்றால், எந்தக் கருவியையும்விட, ஒட்டுக்கன்று வாங்க வருகிறவர்களும் மருந்துக் கடையில் நிற்கிறவர்களும் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே ஒரு நோட்டில் எழுதிவருவதுதான் நல்ல வழி. கூகுளில் சில எழுத்துகளை அடித்ததும் கீழே விரியும் பரிந்துரைகளும் உதவும். ஆனால் தமிழில் அவை பல நேரங்களில் மெலிந்தே இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளில் தமிழை அடித்துத் தேடுகிறவர்களும் ஏராளம். அவர்களுக்காகக் கட்டுரையை ஆங்கில எழுத்தில் எழுதவேண்டியதில்லை.

கட்டுரையின் நீளம் பற்றி ஐயத்துக்கே இடமில்லை. தனக்குப் பிடித்தமான சொல் எண்ணிக்கை என்று எதுவும் கிடையாது என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. பிசின் வடிவதற்கு விடை அறுநூறு சொல்லில் முடிந்தால் அறுநூறே போதும். நடவு முதல் அறுவடை வரையான கட்டுரைக்கு மூவாயிரமும் தேவைப்படலாம். 'கீவேர்டு' என்ற பெயரில் பக்கத்தின் மறைவான பகுதியில் சொற்பட்டியல் இடும் வழக்கமும் பயனற்றது. வரிசைப்படுத்துவதற்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இலேயே அறிவித்துவிட்டார்கள். தேடல் முடிவில் தலைப்பின் கீழ் வரும் சுருக்க வரிகள் வரிசையை உயர்த்துவதில்லை என்றாலும், அவற்றைப் பார்த்துத்தான் ஒருவர் உள்ளே வரலாமா என்று முடிவு செய்கிறார். ஆகவே அவற்றைக் கவனமாக எழுதுங்கள். நீங்கள் எழுதியதை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்து வேறு வரிகளைக் கூகுள் எடுத்துக்காட்டுவதும் உண்டு.

ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். 2010-இல் இங்குள்ள தங்கும் விடுதி ஒன்றுக்கு, தெருப் பெயரை மட்டும் மாற்றி, ஒரே மாதிரியான இருபது பக்கங்களை எழுதினேன். ஒவ்வொன்றிலும் விடுதி, வாடகை, பாண்டிச்சேரி என்ற சொற்கள் முப்பது முறைக்கு மேல் வந்தன. ஓராண்டு நல்ல பலன் இருந்தது. கூகுள் பக்கங்களை வரிசைப்படுத்தும் முறையில், 2011 பிப்ரவரியில் தரமற்ற பக்கங்களைக் குறிவைத்து பாண்டா என்ற மாற்றமும், 2012 ஏப்ரலில் சொல் திணிப்பையும் செயற்கை இணைப்புகளையும் குறிவைத்து பெங்குவின் என்ற மாற்றமும் வந்தன. அந்த இருபது பக்கங்களும் தேடலிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோயின. விடுதியின் முதலாளி என்னை நம்பிப் பணம் கொடுத்தவர். அந்த இழப்பு முழுவதும் என் தவறால் வந்தது. அதைச் சரிசெய்ய, இருபதையும் நீக்கிவிட்டு, பேருந்து நிலையத்திலிருந்து எப்படி வருவது, வண்டி எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு அறை கிடைக்கும் என்று வருகிறவர்கள் தொலைபேசியில் கேட்டவற்றுக்கு விடையாக ஒரே ஒரு பக்கம் எழுதினேன். அது மீண்டுவர ஏழெட்டு மாதம் ஆயிற்று. தங்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை, நான் அன்று செய்ததையே இன்று செய்யச் சொல்கிறது.

மாதம் முப்பது கட்டுரை என்பதும் அதே வழியில்தான் போகிறது. ஆங்கிலக் கட்டுரைகளை இயந்திரத்தால் மொழிபெயர்த்தோ, செயற்கை நுண்ணறிவுக் கருவியால் எழுதியோ ஏற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கருவியைப் பயன்படுத்துவது தவறு என்று கூகுள் சொல்லவில்லை. எப்படி உருவானது என்பதைவிடப் பயனுள்ளதா என்பதையே பார்ப்பதாக 2023 பிப்ரவரியில் விளக்கினார்கள். ஆனால் தேடலில் இடம்பிடிப்பதையே நோக்கமாகக் கொண்டு, படிப்பவருக்குப் பெரிதாக எதுவும் தராத பக்கங்களை மொத்தமாகத் தயாரித்து ஏற்றுவது, மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும், 2024 மார்ச்சில் வந்த விதிகளின்படி மீறலாகும். விதியை விடுங்கள். வேறு மாநிலத்து மண்ணுக்கும் மழைக்கும் எழுதப்பட்ட பரிந்துரையை மொழிபெயர்த்துப் பண்ருட்டிக்காரருக்குக் கொடுத்தால், அதை நம்பி மருந்து அடிக்கிறவரின் தோப்பு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மாதத்துக்கு இரண்டு எழுதுங்கள்; தாங்களே பார்த்ததை எழுதுங்கள்.

பார்த்ததை எழுதுவது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தரத்தை மதிப்பிடுவோருக்குக் கூகுள் தரும் கையேட்டில் நிபுணத்துவம், துறையில் உள்ள மதிப்பு, நம்பகத்தன்மை ஆகியவற்றோடு, 2022 டிசம்பரில் நேரடி அனுபவத்தையும் சேர்த்தார்கள். அந்த மதிப்பீட்டாளர்கள் எந்த ஒரு பக்கத்தின் இடத்தையும் நேரடியாக மாற்றுவதில்லை. இயந்திரம் எந்தத் திசையில் திருத்தப்படுகிறது என்பதை அது காட்டுகிறது, அவ்வளவே. அனுபவத்தை இயந்திரம் எப்படி அளக்கிறது என்று சொல்கிறவர்கள் ஊகமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வாசகர் அதை உடனே அறிந்துகொள்வார். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது வீழ்ந்த முந்திரிகளுக்குப் பதிலாக, தங்கள் குடும்பம் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரக ஒட்டுக்கன்றுகளை நட்டதாக ஓரிடத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எத்தனை அடி இடைவெளி விட்டீர்கள், எந்த ஆண்டு முதல் காய்ப்பு வந்தது, எத்தனை கன்று போயிற்று என்று அதையே ஒரு கட்டுரையாக எழுதினால், அதை வேறு யாரும் எழுதமுடியாது. கீழே தங்கள் பெயரையும், எத்தனை ஆண்டாகத் தோப்பு வைத்திருக்கிறீர்கள் என்பதையும், எழுதிய தேதியையும் போடுங்கள். உள்ளே ஒன்றும் மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வாசகரை ஏமாற்றுவது. கூகுளும் தன் வழிகாட்டியில் அதைத் தவிர்க்கவேண்டிய செயலாகவே குறிப்பிடுகிறது.

தொழில்நுட்பத்தில் இரண்டை மட்டும் கவனித்தால் போதும். முதலாவது படங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எம்.பி. இருக்கும், தோப்பில் சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்தில் அது திறக்காது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படத்தைச் சுருக்கி 150 கே.பி. அளவில் ஏற்றுங்கள், படம் தெரியாதபோது அதற்குப் பதிலாக நிற்கும் மாற்று உரையில் 'அடிமரத் துளையில் பிசின் வடியும் முந்திரி' என்று காண்பதை எழுதுங்கள். இரண்டாவது, பக்கத்தின் முகவரி. தமிழில் வைத்தாலும் கூகுள் படித்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக மாறுவதால், 'முந்திரி' என்ற ஒரு சொல்லே வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது 72 எழுத்தாக நீள்கிறது; தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் அந்த முகவரிப் பகுதியை 200 எழுத்தில் வெட்டிவிடும். சுருக்கமாக ஆங்கில எழுத்துகளில் வைப்பது என் வழக்கம். இது என் விருப்பமே தவிர விதியல்ல. முன்பு வைத்த முகவரிகளை இதற்காக மாற்றவேண்டாம். மாற்றினால் பழைய இணைப்புகள் அறுந்துபோகக்கூடும்.

பிற தளங்கள் தரும் இணைப்புகள் இன்றும் மதிப்புள்ளவை. வரிசையில் ஏறுவதற்காகக் காசு கொடுத்து வாங்கிய இணைப்புகள் விதிமீறல். இவ்விரண்டும் உறுதி. தேடியவர் எந்த முடிவைத் தொடுகிறார் என்பது வரிசையைப் பாதிக்கிறதா என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. 2023-இல் அமெரிக்க நீதிமன்ற வழக்கில் கூகுள் அதிகாரியே அளித்த சாட்சியத்தின் வழியாக, அத்தகைய தரவைப் பயன்படுத்தும் நாவ்பூஸ்ட் என்ற அமைப்பு இருப்பது வெளிவந்தது. அதன் எடை எவ்வளவு என்பது ஊகத்துக்குரியது. அதற்காகத் தந்திரம் ஏதும் செய்யவேண்டியதில்லை. தங்கள் கட்டுரைகளுக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாமல், 'பூங்கொத்து கருகினால் என்ன செய்வது' என்று விளக்கமான சொற்களிலேயே இணைப்பு கொடுங்கள். பூச்சிக்காக வந்தவர் உரத்துக்கும் அப்படியே போய்ச்சேருவார்.

தேடல் பக்கத்தின் மேலேயே சுருக்க விடை தரும் செயற்கை நுண்ணறிவு முறை 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. ஒரு வரியில் விடை முடியும் கேள்விகளுக்கு இனி வருகை குறையும் என்பது என் கணிப்பு. தங்கள் தோப்பின் பத்தாண்டுக் கணக்கு அப்படி ஒரு வரியில் முடிகிற கேள்வி அல்ல.

புதிதாக எழுதுவதை ஒரு மாதம் நிறுத்திவைத்து, அந்தத் தண்டு துளைப்பான் கட்டுரையை முதலில் எடுங்கள். தலைப்பை 'முந்திரி மரத்தில் பிசின் வடிந்து பட்டுப்போகிறதா? தண்டு துளைப்பானை அறிவது எப்படி' என்று மாற்றுங்கள். முதல் ஐந்து வரியில் அறிகுறியையும் உடனே செய்யவேண்டியதையும் சொல்லுங்கள். பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கீழே தள்ளுங்கள். தங்கள் தோப்பில் எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்து, சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தை மீண்டும் படிக்கும்படி கோருங்கள். மாற்றிய தேதியை எழுதிவைத்துக்கொண்டு மூன்று மாதம் பொறுங்கள். அங்கே 16 மாதத் தரவு இருப்பதால் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். பல முறை காட்டப்பட்டும் யாரும் தொடாத தேடல்கள் எவை என்று பாருங்கள். அவை ஒவ்வொன்றும் தங்கள் கட்டுரை இன்னும் விடை சொல்லாத ஒரு கேள்வியாகவோ, தாங்கள் எழுதாத ஒரு வட்டாரச் சொல்லாகவோ இருக்கும். அந்தப் பட்டியலை இங்கே பதிந்தால், அடுத்து எந்தக் கட்டுரையைத் தொடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.